கேளுங்கள், சொல்கிறேன்: மூலையில் நின்ற வில்லி டிக்சன்

இரண்டு இதழ்களுக்கு முன், லண்டன் ராக் குழுக்கள் பற்றிய ஒரு பதிலில், “அவர்களில் பாதிப்பேர் வில்லி டிக்சன் மூட்டிய அடுப்பில் குளிர்காய்ந்தவர்கள்” என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். யார் அந்த டிக்சன் என்று கேட்டு வந்த கடிதங்களே இந்த முறை பக்கத்தை அடைத்துக்கொண்டன. கீபோர்டு வாங்குவது பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

வில்லி டிக்சன் என்று தேடினால் எல்லாப் பாட்டையும் வேறு யாரோ பாடியதாகவே வருகிறது. அவர் பாடகரா, கிட்டாரிஸ்டா, யார்தான்? (ஒரு கல்லூரி மாணவர்)

நீங்கள் மட்டுமல்ல, அமெரிக்காவிலேயே பலர் இப்படிக் குழம்பியிருக்கிறார்கள். அவர் டபுள் பேஸ் வாசித்தவர். ஆள் உயரத்துக்கு மேல் நிற்குமே, அந்தப் பெரிய வாத்தியம். பாட்டு எழுதியவர், மெட்டுப் போட்டவர், ஒலிப்பதிவுக்கு ஆட்களைச் சேர்த்தவர், யாருக்கு எந்தப் பாட்டு என்று முடிவு செய்தவர். 500க்கும் மேற்பட்ட பாடல்கள் எழுதினார். தாமும் பாடினார், ஆனால் அவர் எழுதியவற்றில் பெயர்பெற்றவை எல்லாம் பிறர் குரலில் வந்தவை.

மிசிசிப்பி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரை ஊரான விக்ஸ்பர்கில் 1915 ஜூலை 1 அன்று பிறந்தார். வீட்டில் 14 பிள்ளைகள். அவருடைய அம்மா பக்திக் கவிதை எழுதுகிறவர். சாதாரணமாகப் பேசும்போதே எதுகை வைத்துப் பேசுவாராம். மகனுக்கு அது தொற்றிக்கொண்டது. ஏழு வயதிலேயே லிட்டில் பிரதர் மான்ட்கோமரி என்ற பியானோக்காரரின் வாசிப்பில் கிறங்கிப்போனவர்.

பதின்வயதில் பிடிபட்டுச் சிறைப் பண்ணைக்கு அனுப்பப்பட்டார். தெற்கு மாநிலங்களில் அப்போது கறுப்பினப் பையன்களை உள்ளே தள்ளுவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வடிவமான ப்ளூஸ் என்பது என்ன என்று தமக்கு உறைத்தது அங்கேதான் என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். வெளியே வந்ததும் ஊர்த் தச்சர் ஒருவர் நடத்திய பக்திப் பாடல் குழுவில் சேர்ந்தார். நாலு குரல் ஒன்றாக எழும்போது அடிக்குரல் எங்கே நிற்க வேண்டும், எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதை அந்தத் தச்சர் கற்றுக்கொடுத்தார். விக்ஸ்பர்க் வானொலியில் அந்தக் குழு பாடியது. பிற்காலத்தில் அவர் பேஸ் வாசித்த விதத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. கையில் வாத்தியம் வருவதற்கு முன்பே தொண்டையில் பேஸ் இருந்தது.

1936இல் சிகாகோவுக்குப் போனார்.

அவர் குத்துச்சண்டை வீரராமே? நம்பலாமா? (ஒரு வங்கி ஊழியர்)

நம்பலாம். 250 பவுண்டுக்கு மேல் எடையுள்ள ஆள். 1937இல் இல்லினாய்ஸ் மாநில கோல்டன் க்ளவ்ஸ் போட்டியின் ஹெவிவெயிட் புதுமுகப் பிரிவில் பட்டம் வென்றார். புகழ்பெற்ற குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸுக்குப் பயிற்சி ஆட்டத்தில் கொஞ்ச நாள் எதிரே நின்றிருக்கிறார். பிறகு தொழில்முறைக்கு மாறி நாலே பந்தயம். பணக் கணக்கில் மேனேஜரோடு தகராறு வந்தது, ஆட்டம் முடிந்தது. அவருடைய வாழ்க்கையில் முதல் பணத் தகராறு அது. கடைசித் தகராறு அல்ல.

பயிற்சிக்கூடத்தில்தான் லியனார்ட் ‘பேபி டூ’ காஸ்டன் என்ற இசைக்காரர் பழக்கமானார். குத்துச்சண்டையை விட்டுவிட்டு இசைக்கு வா என்று நச்சரித்தவர் அவர்தான். சும்மா நச்சரிக்கவில்லை, ஒரு தகர டப்பாவில் ஒற்றைத் தந்தி கட்டி டிக்சனுக்கு முதல் பேஸையே செய்துகொடுத்தார். இருவரும் சேர்ந்து குழு அமைத்தார்கள். ஓரளவு பெயர் வரும் நேரத்தில் உலகப்போர் வந்தது. பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள், டிக்சன் போக மறுத்தார். தம் மக்களை இப்படி நடத்துகிற நாட்டுக்காகத் தாம் ஏன் சண்டை போட வேண்டும் என்று அதிகாரிகளிடமே கேட்டார். பத்து மாதம் சிறை. அப்புறம் போருக்குப் பின் பழைய நண்பர் காஸ்டனோடு பிக் த்ரீ ட்ரியோ என்ற மூவர் குழு.

பாட்டை எழுதினால் போதுமா? மடி வாட்டர்ஸ், ஹவ்லின் வுல்ஃப் போன்ற குரல்கள் இல்லாவிட்டால் அந்த வரிகளை யார் கேட்டிருப்பார்கள்? பாடகரை விட்டுவிட்டு எழுதியவரைத் தூக்கிப் பிடிப்பது சரியா? (இசை ஆசிரியை ஒருவர்)

அம்மா, கேள்வியில் கோபம் தெரிகிறது, நியாயமான கோபம்தான். ஆனால் அந்தக் குரல்களை முழுதாக வெளியே கொண்டுவந்ததில் டிக்சனுக்கும் பங்கு உண்டு என்பதை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

போலந்திலிருந்து வந்து குடியேறிய லியனார்ட், ஃபில் செஸ் சகோதரர்களின் இசைத்தட்டு நிறுவனத்தில் 1940களின் கடைசியில் டிக்சன் வாசிக்கப் போனார். 1951 வாக்கில் அங்கே முழுநேர ஆள். ஆனால் அவருடைய பாடல்களை யாரும் பெரிதாகச் சீந்தவில்லை. 1954இல்தான் கதவு திறந்தது, அதுவும் ஒரு கழிவறையில்.

சிகாகோவில் ஜான்சிபார் கிளப். மடி வாட்டர்ஸ் அங்கே வாசித்துக்கொண்டிருக்கிறார். இடைவேளையில் டிக்சன் அவரைக் கழிவறைப் பக்கம் தள்ளிக்கொண்டுபோய் ‘ஹூச்சி கூச்சி மேன்’ பாட்டைச் சொல்லிக்கொடுக்கிறார். நாலைந்து சுரம் கொண்ட ஓர் அடி. எல்லா வாத்தியமும் சேர்ந்து அந்த அடியை அடிக்கும், சட்டென்று நிற்கும். அந்த மௌனத்தில் பாடகர் ஒரு வரி சொல்ல வேண்டும். மறுபடி அடி, மறுபடி மௌனம், மறுபடி வரி. மடி வாட்டர்ஸ் நேரே மேடைக்குப் போய் அன்றைக்கே அதைப் பாடிவிட்டார். இசைத்தட்டு அமெரிக்காவின் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் 3ஆம் இடம் வரை போனது.

அதன் கட்டுமானத்தைக் கொஞ்சம் பாருங்கள், நீங்கள் இசை ஆசிரியை என்பதால் சொல்கிறேன். வழக்கமான ப்ளூஸ் 12 பார், அதாவது 12 தாளச் சுற்று. இது 16 பார். முதல் 8 பார் முழுக்க இந்த ‘அடி, நிறுத்து’ விளையாட்டு, ஒரே கார்டில், அதாவது ஒரே சுரக்கூட்டில். பாட்டு நகரவே நகராது, இறுக்கம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். அடுத்த 8 பாரில் தாளம் அவிழ்ந்து ஓடும்போது கேட்கிறவர் தன்னையறியாமல் மூச்சு விடுவார். பாடகருக்கோ வரிக்கு வரி முழு அரங்கமும் காலி. அவருடைய குரலோடு மோத எந்த வாத்தியமும் இல்லை. மடி வாட்டர்ஸ் பேசினாலே பஞ்சாயத்துத் தலைவர் பேசுவதுபோல இருக்கும். அந்தக் குரலுக்கு வேண்டியது ஓடும் மெட்டு அல்ல, நிற்க ஓர் இடம். டிக்சன் அந்த இடத்தைக் கட்டிக்கொடுத்தார்.

வரிகளும் அப்படித்தான். பிறப்பதற்கு முன்பே குறிசொல்கிறவள் அம்மாவிடம் சொல்லிவிட்டாள், ஏழாம் மாதம், ஏழாம் நாள், ஏழாம் மணி என்று அடுக்கிக்கொண்டு போகும். கறுப்புப் பூனை எலும்பு, மந்திர வேர், தாயத்து என்று தெற்கு கிராமத்துச் சரக்கெல்லாம் உள்ளே இருக்கும். மிசிசிப்பியிலிருந்து பிழைக்க வந்து சிகாகோவில் ஆலை வேலை பார்த்தவன் அதைக் கேட்டுச் சிரித்திருப்பான், சிரித்துக்கொண்டே நெஞ்சை நிமிர்த்தியும் இருப்பான்.

ஹவ்லின் வுல்ஃபுக்கு வேறு வைத்தியம். அவருக்கும் மடி வாட்டர்ஸுக்கும் நடுவே தொழில் போட்டி, நல்ல பாட்டெல்லாம் அந்த ஆளுக்கே போகிறது என்ற மனக்குறை. டிக்சன் அதைப் பிடித்துக்கொண்டார். தாம் வுல்ஃபுக்காகவே எழுதிய பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “இது மடிக்கு எழுதியது” என்பாராம். உடனே வுல்ஃப் “கொண்டா இங்கே” என்று பிடுங்கிக்கொள்வார். இதை டிக்சனே சொல்லிச் சிரித்திருக்கிறார். இந்த உத்தியை எந்த இசைப் பள்ளியிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

லிட்டில் வால்டருக்கு 1955இல் கொடுத்த ‘மை பேப்’ முதலிடத்துக்கே போனது. மௌத் ஆர்கனில் சிறுத்தைபோல் பாய்கிற வால்டருக்கு ஓடுகிற தாளம் வேண்டும், எனவே அதில் நிறுத்தமெல்லாம் இல்லை. 1956இல் செஸ்ஸோடு பணப் பிணக்கு வந்து வேறு சிறு நிறுவனத்துக்குப் போனபோது, இருபது வயது தாண்டிய ஓட்டிஸ் ரஷ் என்ற பையனுக்கு ‘ஐ கான்ட் க்விட் யூ பேபி’ எழுதினார். முதல் சொல்லையே ஓலமாக நீட்டுகிற பாட்டு. ரஷ்ஷின் குரல் அந்த உயரத்துக்குப் போகும் என்று பையனுக்கே தெரிவதற்கு முன் டிக்சனுக்குத் தெரிந்திருக்கிறது. 1960இல் வுல்ஃப் பிரியமே இல்லாமல் பாடிவிட்டுப்போன ‘வாங் டாங் டூடில்’ பாட்டை, சில வருடம் கழித்துக் கோகோ டெய்லர் என்ற பெண்ணுக்குக் கொடுத்து 1966இல் பெரிய வெற்றியாக்கினார். அதாவது, முதல் தடவை சட்டை மாட்டிய ஆள்தான் தப்பு, அளவு தப்பில்லை.

தையல்காரரைப் பாராட்டினால் மாப்பிள்ளையின் அழகைக் குறைத்தது ஆகாது, அம்மா.

மிசிசிப்பியில் நடுநிசி நாற்சந்தியில் சாத்தானிடம் ஆத்மாவை விற்றுவிட்டுக் கிட்டார் கற்றவர் இவர்தானே? (பெயர் இல்லாத கடிதம்)

இல்லை. அது ராபர்ட் ஜான்சன் பற்றிய கதை. அவருக்கு முன் டாமி ஜான்சன் என்பவரைப் பற்றியும் அதே கதையைச் சொன்னார்கள். டிக்சனுக்குக் கிடைத்தவர், மேலே சொன்ன தச்சர்.

ப்ளூஸ் என்றாலே புலம்பல்தானே? காதல் தோல்வி, குடி, ரயில். இதில் என்ன பெரிய எழுத்து? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

ஐயா, புறநானூற்றைப் பாடம் நடத்திய நீங்களா இப்படிக் கேட்பது! அதில் கையறுநிலையும் இருக்கிறது, நெஞ்சை நிமிர்த்திப் பாடுவதும் இருக்கிறது இல்லையா?

ப்ளூஸ் என்பது வாழ்க்கையின் நிஜம் என்றுதான் டிக்சன் திரும்பத் திரும்பச் சொன்னார். நிஜத்தில் சோகமும் வரும், வீம்பும் வரும், நையாண்டியும் வரும். அவருடைய ‘ஸ்பூன்ஃபுல்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கரண்டி வைரம், ஒரு கரண்டி தங்கம் என்று ஆரம்பிக்கும். மனிதர்கள் பொய் சொல்வதும் அழுவதும் சாவதும் அந்த ஒரு கரண்டிக்காகத்தான் என்று போகும். உன் அன்பில் ஒரு சிறு கரண்டி போதும் என்பார், ஆனால் எல்லாரும் அடித்துக்கொள்வது எந்தக் கரண்டிக்கு என்று மட்டும் சொல்ல மாட்டார். கேட்கிறவர் தன் வீட்டுக் கரண்டியைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும். மெட்டு அநேகமாக இரண்டு சுரத்துக்குள் முடிந்துவிடும். அவ்வளவு குறைந்த சரக்கில் அவ்வளவு பெரிய விஷயத்தைச் சொன்னதை நீங்கள் குறள் நடத்தியபோது பாராட்டியிருப்பீர்கள், இதையும் பாராட்டலாம்.

லெட் செப்பலின் அவருடைய பாட்டைத் திருடியது உண்மையா? நான் அந்தக் குழுவின் தீவிர ரசிகன். பார்த்துப் பதில் சொல்லவும். (ஒரு மென்பொருள் பொறியாளர்)

பார்த்தே சொல்கிறேன். 1969இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் டிக்சனின் இரண்டு பாட்டு உண்டு, இரண்டிலும் அவர் பெயர் ஒழுங்காக இருந்தது. அதே வருடம் வந்த இரண்டாவது ஆல்பத்தில்தான் வினை. அதில் ‘ஹோல் லாட்டா லவ்’ பாட்டின் வரிகள், டிக்சன் எழுதி 1962இல் மடி வாட்டர்ஸ் பாடிய ‘யூ நீட் லவ்’ பாட்டை நெருக்கமாகத் தொடர்ந்து போகின்றன. உறையில் டிக்சன் பெயர் இல்லை. இதைக் கவனித்து அப்பாவிடம் சொன்னவர் அவருடைய மகள். 1985இல் டிக்சன் வழக்குப் போட்டார், 1987இல் சமரசமாக முடிந்தது. இப்போது அந்தப் பாட்டில் அவர் பெயரும் சேர்ந்தே வருகிறது. கிட்டாரில் வரும் அந்தப் புகழ்பெற்ற அடி டிக்சனுடையது அல்ல, அது ஜிம்மி பேஜின் சொந்தச் சரக்கு. ரசிகருக்கு இது ஆறுதலாக இருக்கட்டும்.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைத்தால் நான் வக்கீல் ஆகிவிடுவேன். ‘மை பேப்’ மெட்டு ‘திஸ் ட்ரெயின்’ என்ற பழைய பக்திப் பாட்டிலிருந்து வந்தது. ‘ஸ்பூன்ஃபுல்’ சொல்விளையாட்டை 1929லேயே சார்லி பாட்டன் பதிவு செய்திருக்கிறார். ப்ளூஸில் ஒரு வரி கைமாறிக் கைமாறித்தான் வளரும், ஊர்க் கிணறு மாதிரி. அப்படியென்றால் லெட் செப்பலின் செய்ததும் அதே தானே என்று நீங்கள் கேட்கலாம். என்னைப் பொறுத்தவரை வித்தியாசம் இருக்கிறது. ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுத்தவர்கள் எல்லாரும் ஒரே தெருவில் ஏழைகளாக இருந்தார்கள். கடல் தாண்டி லாரியில் நிரப்பிக்கொண்டுபோய் விற்றால், கிணற்றடியில் நிற்கிறவருக்குக் காசு தந்தாக வேண்டும்.

உண்மையில் டிக்சனை அதிகம் காயப்படுத்தியது லண்டன் பையன்கள் அல்ல, சிகாகோவிலேயே அவர் போட்ட கையெழுத்துகள். செஸ் சகோதரர்கள் 1953இல் வேறு இரு சகோதரர்களோடு சேர்ந்து ஆர்க் மியூசிக் என்ற பதிப்புரிமை நிறுவனம் தொடங்கினார்கள். டிக்சனின் பாடல்கள் அங்கே போய்ச் சேர்ந்தன. வாரம் கொடுத்த பணமே ராயல்டிக் கணக்கில் முன்பணமாகக் கழிந்துகொண்டிருந்தது. வெள்ளைக்காரப் பையன்கள் உலகம் முழுக்க அந்தப் பாடல்களைப் பாடத் தொடங்கியபோது, காசு எங்கிருந்து எங்கே போகிறது என்றே அவருக்குத் தெரியாது. 1972இல் டிக்சனின் ‘பிரிங் இட் ஆன் ஹோம்’ பாட்டுக்காக லெட் செப்பலின் மேல் வழக்குப் போட்டதே ஆர்க் தான், எழுதியவர் அல்ல. 1977இல் டிக்சனும் மடி வாட்டர்ஸும் ஆர்க் மீதே வழக்குத் தொடுத்தார்கள். நீதிமன்றத்துக்கு வெளியே அது தீர்ந்தது. அதே வருடம்தான் சர்க்கரை நோயால் அவருடைய ஒரு காலை எடுக்க வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் என் கதை ஒன்று. முப்பது வருடம் ரெக்கார்டிங்குகளில் பேஸ் கிட்டார் வாசித்தவன் நான். ஒருமுறை, மெட்டு நகராமல் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சும்மா விரல் பழக்கத்துக்கு நாலு பார் வாசித்தேன். “அதையே வை” என்றார்கள். பாட்டு அதில்தான் ஆரம்பிக்கும், இடையிசையில் திரும்ப வரும், இன்றைக்கும் கல்யாண வீடுகளில் அதை வாயால் முனகுகிறவர்களைப் பார்க்கிறேன். அன்றைய ஒருநாள் சம்பளத்துக்கு வவுச்சரில் கையெழுத்துப் போட்டேன். மேலே என்ன அச்சடித்திருந்தது என்று படிக்கவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கேசட் உறையில் என் பெயர் இல்லை. யார் மேலும் எனக்கு இப்போது கோபம் இல்லை என்று எழுதிப் பார்த்தேன், பொய்யாக இருந்ததால் அடித்துவிட்டேன்.

டிக்சன் என்னைப்போலப் புலம்பிக்கொண்டு உட்காரவில்லை. மீட்ட பணத்தில் ப்ளூஸ் ஹெவன் என்ற அறக்கட்டளை தொடங்கினார். வயதான ப்ளூஸ்காரர்களுக்கு, வர வேண்டிய ராயல்டியை வாங்கிக்கொடுக்கவும் பள்ளிக்கூடங்களுக்கு வாத்தியங்கள் கொடுக்கவும். 1992 ஜனவரி 29 அன்று கலிபோர்னியாவில் இறந்தார். அடுத்த வருடம் அவருடைய மனைவி, செஸ் நிறுவனம் 1957 முதல் பத்து வருடம் இயங்கிய 2120, சவுத் மிசிகன் அவென்யூ கட்டடத்தையே வாங்கினார். 1997இல் அறக்கட்டளை அங்கே குடியேறியது. அவரை வாரச் சம்பளத்துக்கு வைத்திருந்த கட்டடத்தின் வாசலில் இப்போது அவருடைய அறக்கட்டளையின் பலகை தொங்குகிறது.

லண்டன் பையன்களுக்கு இவருடைய பாட்டு எப்படிப் போய்ச் சேர்ந்தது? (அதே பொறியாளர், இரண்டாவது கடிதம்)

ஒன்று, இசைத்தட்டுகள் மூலம். மற்றொன்று, அவரே மூட்டை கட்டிக்கொண்டு போனார். 1962இல் ஜெர்மானியர் இருவர் தொடங்கிய அமெரிக்கன் ஃபோக் ப்ளூஸ் ஃபெஸ்டிவலுக்கு சிகாகோவிலிருந்து ஆள் சேர்த்துக் கொடுத்ததில் டிக்சனுக்குப் பெரிய பங்கு. அமெரிக்காவில் ஒதுக்குப்புற கிளப்புகளில் வாசித்தவர்கள் ஐரோப்பாவில் பெரிய அரங்குகளில் உட்கார்ந்து கேட்கும் கூட்டத்துக்கு வாசித்தார்கள். 1964 டிசம்பரில் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடிய ‘லிட்டில் ரெட் ரூஸ்டர்’ பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. சேவலைக் காணோம், பண்ணையில் நிம்மதி போச்சு என்று நிதானமாக நகரும் பாட்டு. துள்ளல் பாட்டுகளுக்கு மத்தியில் அது முதலிடம் போனதை இன்றைக்கு நினைத்தாலும் ஆச்சரியம்தான்.

நீங்கள் சொன்ன பாட்டெல்லாம் கேட்டேன். பாட்டு நன்றாக இருக்கிறது, ஆனால் டிக்சன் வாசிக்கும் பேஸ் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. எனக்குக் காது சரியில்லையா? (ஒரு பள்ளி மாணவி)

காது நன்றாகத்தான் இருக்கும், பாப்பா. எதில் கேட்டாய், போனிலா? அந்தக் குட்டி ஸ்பீக்கருக்கு அவ்வளவு கீழ் ஒலி வராது. அப்பாவிடமோ அண்ணனிடமோ நல்ல ஹெட்போன் இருந்தால் வாங்கி மாட்டிக்கொள். சக் பெர்ரி பாடிய ‘மேபெலீன்’ பாட்டைப் போடு, 1955இல் செஸ்ஸில் பதிவானது. முதல் தடவை கிட்டாரைக் கேள், அது உன்னை விடாது. இரண்டாவது தடவை டிரம்மை மட்டும் பிடி. மூன்றாவது தடவை, டிரம்முக்குக் கொஞ்சம் கீழே, கட்டையில் கை படுவதுபோல ‘டப் டப்’ என்று ஒன்று நடந்துகொண்டே இருக்கும். தந்தியை இழுத்து விடும்போது மரத்தில் படுகிற சத்தம் அது.

அவர்தான்.